'அன்லிமிடெட்' என்றால் 3300 ஜிபி: உங்கள் இன்டர்நெட் மீட்டர் யார் கையில் இருக்கிறது?

வேகம் திடீரென்று குறைந்தால் அது லிமிட்டா, ஃபால்ட்டா? வாடிக்கையாளருக்குத் தெரியாது, கம்பெனிக்குத் தெரியும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெட்ரோல் பங்கில் பைக்கை நிறுத்தியதும் அங்கிருப்பவர் சொல்லும் முதல் வார்த்தை, "ஜீரோ பாருங்க சார்." அந்த மெஷினில் அரசு எடையளவுத் துறையின் முத்திரை இருக்கும். கரண்ட் மீட்டர் உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. ரீடிங் எடுக்க ஆள் வரும்போது நீங்களும் எட்டிப் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இன்டர்நெட்டுக்கு அப்படி ஒரு மீட்டர் உங்கள் பக்கம் கிடையாது. எவ்வளவு டேட்டா போனது என்பதை எண்ணுவது கம்பெனியின் சர்வர். எண்ணியதை உங்களுக்குக் காட்டுவது அதே கம்பெனியின் ஆப். லிமிட் முடிந்தது என்று முடிவு செய்து வேகத்தைக் குறைப்பதும் அதே சர்வர்தான். நீங்கள் போன் போட்டுக் கேட்டால் பதில் சொல்லும் கால் சென்டரும் அவர்களுடையது.

இதை ஊழல் என்றோ திருட்டு என்றோ சொல்ல வரவில்லை. கம்பெனிகளின் மீட்டரிங், பில்லிங் முறைகளை வெளி ஆடிட்டர்கள் தணிக்கை செய்ய வேண்டும் என்று டிராய், அதாவது இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2006-லேயே விதி போட்டது. 2023-ல் அதைப் புதுப்பித்தது. ஆனால் அந்தத் தணிக்கை கம்பெனியின் மொத்த சிஸ்டத்துக்கானது. நேற்று ராத்திரி 9 மணிக்கு உங்கள் வீட்டில் வேகம் ஏன் படுத்தது என்பதற்கு அதில் பதில் இருக்காது.

3300 என்ற எண்

இன்று இந்தியாவில் வீட்டு ஃபைபர் திட்டங்களின் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'அன்லிமிடெட்' என்று இருக்கும். மேலே ஒரு குட்டி நட்சத்திரக் குறி. அதைப் பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் 3300 ஜிபி என்ற எண்ணில் போய் நிற்பீர்கள். 2020 செப்டம்பர் வாக்கில் ஜியோஃபைபரும் ஏர்டெல்லும் போட்டி போட்டுக்கொண்டு அன்லிமிடெட் திட்டங்களை அறிவித்தபோது இந்த எண் பரவலானது. பி.எஸ்.என்.எல். ஃபைபர் பேசிக் திட்டத்திலும் 3300 ஜிபி வரைதான் முழு வேகம். அதைத் தாண்டினால் 4 எம்பிபிஎஸ். இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஃபேர் யூசேஜ் பாலிசி', சுருக்கமாக எஃப்.யு.பி. 'நியாயமான பயன்பாடு' என்று மொழிபெயர்க்கலாம். எது நியாயம் என்று தீர்மானித்தவர்கள் யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

சரி, 3300 ஜிபி ஒரு குடும்பத்துக்குப் போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4கே தரத்தில் வீடியோ பார்த்தால் மணிக்கு 7 ஜிபி வரை ஆகும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். அப்படியானால் 3300 ஜிபி என்பது 471 மணி நேரம், தினமும் கிட்டத்தட்ட 16 மணி நேரம். தூங்கும் நேரம் தவிர்த்து நாள் முழுக்க 4கே-யில் படம் ஓடிக்கொண்டே இருந்தால்தான் தீரும். ஆக, சாதாரண வீட்டுக்கு இது லிமிட்டே இல்லை என்று சொல்லிவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அது உண்மையும்கூட.

இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. முழு வேகத்தில் ஓடினால் 73 மணி நேரத்தில் 3300 காலி. 300 எம்பிபிஎஸ் என்றால் ஒரே நாள். 1 ஜிபிபிஎஸ் என்றால் ஏழரை மணி நேரம்கூடத் தாங்காது. யாரும் அப்படி ஓட்டப் போவதில்லைதான். ஆனாலும் வேகத்தை ஏற்றி ஏற்றி விற்கிறார்கள், கூடையின் அளவு மட்டும் நகராமல் அப்படியே இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

கூடை நிஜமாகவே சிறியதாக இருப்பது வேறு இடத்தில். வீட்டுக்கு ஃபைபர் வராமல் 5ஜி சிக்னலை மொட்டை மாடியில் பிடித்து வைஃபையாகத் தரும் 'ஏர்ஃபைபர்' வகை இணைப்புகள். ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19 அன்று சென்னை உட்பட 8 நகரங்களில் தொடங்கியது. அதன் திட்டங்களில் மாத லிமிட் 1000 ஜிபி. மேலே போட்ட அதே கணக்கில் இது 142 மணி நேர 4கே வீடியோ, தினமும் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. ஹாலில் கிரிக்கெட், உள்ளே அம்மாவின் சீரியல், ஒரு அறையில் ஒர்க் ஃப்ரம் ஹோம், இன்னொன்றில் 100 ஜிபி கேம் டவுன்லோட் என்று இருக்கும் வீட்டில் 25-ஆம் தேதி வாக்கில் இது தீர்ந்துபோவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விளம்பரத்தில் இரண்டும் 'வீட்டு வைஃபை'தான். கூடையோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இணைப்பு வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன்.

மொபைலில் மாதத்துக்கு அல்ல, நாளுக்கு லிமிட்

நாட்டில் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் 4 கோடி சொச்சம். மொபைல் பிராட்பேண்ட் 90 கோடிக்கு மேல். அதனால் 'லிமிட்' என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி பேக்.

தினசரி லிமிட்டின் சாமர்த்தியம் என்னவென்றால், பார்க்கத் தாராளமாகத் தெரியும். 1.5 ஜிபி × 28 நாள் = 42 ஜிபி. இந்தியர் ஒருவர் மாதத்துக்குப் பயன்படுத்தும் மொபைல் டேட்டா சராசரியாக 20 ஜிபி-யைத் தாண்டிவிட்டது. அப்படியும் 42 தாராளம்தானே? இப்போது ஒரு ஐடி ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் ஆபீஸ் வைஃபை, மொபைலில் செலவாவது அரை ஜிபி. சனி, ஞாயிறு ஊருக்குப் போகிறார், பஸ்ஸில் படம், வீட்டில் ஹாட்ஸ்பாட் என்று நாளுக்கு 3 ஜிபி வேண்டும். நான்கு வாரத்துக்கு அவருடைய தேவை 10 + 24 = 34 ஜிபி. அவர் காசு கொடுத்து வாங்கியதோ 42 ஜிபி. ஆனாலும் சனி, ஞாயிறுகளில் அவருக்கு 12 ஜிபி பற்றாக்குறை, வார நாட்களில் 20 ஜிபி நள்ளிரவில் காணாமல் போகிறது. தன்னுடைய 20 ஜிபி வீணான அதே மாதத்தில் டாப்-அப் வவுச்சரும் வாங்குவார்.

மிச்சத்தை அடுத்த நாளுக்குத் தள்ள டெக்னாலஜி இல்லையா? இருக்கிறது. போஸ்ட்பெய்டில் மிச்ச டேட்டா அடுத்த மாதத்துக்குப் போவது பல வருஷப் பழக்கம். ப்ரீபெய்டிலேயே வோடஃபோன் ஐடியா 2020-ல் வார நாட்களின் மிச்சத்தை வார இறுதிக்குத் தரும் வசதியைக் கொண்டுவந்தது. ஆக முடியாது என்பதில்லை, எல்லோரும் தருவதில்லை, அவ்வளவுதான்.

28 நாள் 'மாதம்' இன்னொரு கதை. வருஷத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். 30 நாள் வேலிடிட்டியுடன் ஒரு திட்டமாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட்டது, எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெல்லும் 'அன்லிமிடெட் 5ஜி'யை நாளுக்கு 2 ஜிபி-யும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கு மட்டும் என்று சுருக்கியதும் நினைவிருக்கலாம்.

லிமிட் முடிந்த பிறகு என்ன மிச்சம்?

லிமிட் எவ்வளவு என்பதைவிட, லிமிட் முடிந்த பிறகு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மொபைலில் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ். இதை 'அன்லிமிடெட் அட் 64 கேபிபிஎஸ்' என்று எழுதுவார்கள். வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அதன்பின் வந்த டயல்-அப் மோடம்களின் உச்ச வேகம் 56 கேபிபிஎஸ். ஆக, 5ஜி போனில் டேட்டா தீர்ந்த நிமிடத்திலிருந்து நீங்கள் இருப்பது கீங்ங்... கொர்ர்ர் என்று மோடம் சத்தம் போட்ட அந்தக் காலத்தில். 1 எம்பி படம் ஒன்று இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அன்று வெப்சைட்கள் அதற்கேற்ப சிறியதாக இருந்தன. இன்று வங்கி ஆப்பின் முகப்புக்கே அது பத்தாது. ராத்திரி 11 மணிக்கு ஆட்டோவுக்கு யுபிஐ-யில் காசு அனுப்ப முடியாமல் நிற்பவருக்கு 64 கேபிபிஎஸ் என்பது நடைமுறையில் பூஜ்ஜியம்தான்.

வீட்டு இணைப்புக்கு ஒரு தரை இருக்கிறது. லிமிட் தாண்டினாலும் வேகம் 256 கேபிபிஎஸ்-க்குக் கீழே போகக் கூடாது என்று 2012-ல் டிராய் சொன்னது. 2016 அக்டோபர் 31 உத்தரவில் அதை 512 கேபிபிஎஸ் ஆக்கியது. 50, 90, 100 சதவீதம் தொடும்போதெல்லாம் எஸ்.எம்.எஸ். அல்லது இமெயிலில் எச்சரிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உங்களுக்கு வீட்டு பிராட்பேண்டுக்கு 90 சதவீத எஸ்.எம்.எஸ். கடைசியாக எப்போது வந்தது?

512 என்பது அன்று அரசு வைத்திருந்த 'பிராட்பேண்ட்' வரையறையின் குறைந்தபட்ச வேகம். 2004 கொள்கையில் 256, 2013-ல் 512. அதனால் தரையும் வரையறையும் ஒரே மட்டத்தில் இருந்தன. 2023 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை வரையறையை 2 எம்பிபிஎஸ் ஆக்கியது, அதாவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 2016 உத்தரவில் எழுதியிருந்ததோ 512 என்ற எண். அதற்குப் பதில் 'பிராட்பேண்ட் வரையறைக்குக் குறையாமல்' என்று மூன்று வார்த்தை இருந்திருந்தால் தரை தானாக மேலே வந்திருக்கும். 512-ல் ஒரு 200 எம்பி ஆபீஸ் ஃபைலை இறக்க 52 நிமிடம். ஒருவரோடு ஒருவர் பேசும் நல்ல தரமான வீடியோ காலுக்கே 600 கேபிபிஎஸ் வேண்டும் என்கிறது ஜூம். அந்த உத்தரவு டவுன்லோடைப் பற்றித்தான் பேசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கேமரா ஆன் செய்து இன்டர்வியூ கொடுப்பவருக்குத் தேவைப்படுவது அப்லோடு.

லிமிட் எதற்கு?

கம்பெனிகள் சொல்லும் காரணம்: ஒருசிலர் அளவுக்கு மீறி இழுத்தால் மற்றவர்களுக்கு வேகம் குறையும். இதில் பாதி உண்மை இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் உங்களுக்கு மட்டுமானது அல்ல. பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், சுமார் 2.5 ஜிபிபிஎஸ் கொள்ளளவுள்ள ஒரு ஃபைபரை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் 64 வீட்டில் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். ஆனாலும் எல்லோருக்கும் 100 எம்பிபிஎஸ் என்று விற்பார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, கல்யாணப் பந்திக் கணக்கு. ஆயிரம் பத்திரிகை கொடுத்தாலும் ஒரு பந்திக்கு முந்நூறு இலைதான் போடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார மாட்டார்கள் என்று தெரியும்.

பந்தியில் நெரிசல் வருவது பன்னிரண்டரை மணிக்கு. இன்டர்நெட்டில் ராத்திரி 8 முதல் 11. அந்த நேர நெரிசலைக் குறைக்க மாத லிமிட் எப்படி உதவும்? விடிகாலை 3 மணிக்கு 200 ஜிபி இறக்குபவரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, ஆனால் அவர்தான் முதலில் லிமிட்டில் மாட்டுவார். தினமும் ராத்திரி 9 மணிக்கு 4கே பார்ப்பவர் நெரிசலைக் கூட்டுகிறார், மாத முடிவில் அவர் கணக்கில் 400 ஜிபிகூட இருக்காது. பி.எஸ்.என்.எல். பழைய டேட்டாஒன் திட்டங்களில் விடிகாலை 2 மணி முதல் 8 மணி வரை இலவசம் என்று வைத்திருந்தது. அலாரம் வைத்து எழுந்து படம் டவுன்லோட் போட்ட தலைமுறை இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். நெட்வொர்க் நெரிசல் என்ற கோணத்தில் பார்த்தால் 2005-ன் அந்த யோசனைதான் இன்றைய 3300-ஐவிடப் புத்திசாலித்தனமானது.

அப்படியானால் மாத லிமிட் எதற்கு? என் பார்வையில் இரண்டு வேலை. ஒரு வீட்டு இணைப்பை வாங்கி மேன்ஷனுக்கோ பி.ஜி. விடுதிக்கோ பிரித்து விற்பவரைத் தடுக்கும் வேலி, அது நியாயமானதுதான். மற்றது, விலைப்படி. 1000-க்கும் 3300-க்கும், 1.5-க்கும் 2-க்கும் இடையில் உங்களை ஏற்றிவிடும் படி. கம்பெனிகள் பக்கமும் ஒரு வாதம் உண்டு. 2014-ல் 1 ஜிபி மொபைல் டேட்டா சுமார் 269 ரூபாய். இப்போது பத்து ரூபாய் வாக்கில். இவ்வளவு மலிவாகக் கொடுக்கும்போது எங்காவது கோடு போடத்தான் வேண்டும் என்பார்கள். போடட்டும். கோடு எங்கே என்பதை நட்சத்திரக் குறிக்குள் ஒளித்து வைத்துவிட்டு மேலே 'அன்லிமிடெட்' என்று எழுத வேண்டியதில்லையே.

'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'

லிமிட்டால் வரும் எரிச்சலை உண்மையான பாதிப்பாக மாற்றுவது கஸ்டமர் கேர். கடந்த மழைக்காலத்தில் என் வீட்டு ஃபைபர் நான்கு நாள் படுத்துவிட்டது. அந்த நான்கு நாளில் மூன்று டிக்கெட்டுகள் திறந்து மூன்றும் 'தீர்க்கப்பட்டன'. மூன்று எஸ்.எம்.எஸ்.-களையும் நான் படித்தது மொபைல் டேட்டாவில். கம்பெனி பெயர் வேண்டாம். இதைப் படிப்பவர்கள் தங்கள் கம்பெனியின் பெயரைப் போட்டுக்கொண்டாலும் கதை மாறாது.

ஏன் இப்படி நடக்கிறது? கால் சென்டரில் பேசுபவரின் கெட்ட எண்ணத்தால் அல்ல. சேவைத் தரத்தை டிராய் எண்களால் அளக்கிறது. அந்த எண்களைக் கம்பெனிகள் தங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றன. மூடிய டிக்கெட் நல்ல எண், திறந்து கிடக்கும் டிக்கெட் கெட்ட எண். வேலையைச் செய்பவரோ பெரும்பாலும் கம்பெனி ஊழியரே அல்ல. ஏரியா பார்ட்னரின் ஆள், பல இடங்களில் நமக்குப் பழக்கமான கேபிள் அண்ணன். அவர் தலையில் ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட் என்ற கணக்கு. "சார், ஓடிபி மட்டும் சொல்லுங்க, சாயங்காலம் வந்து பாத்துடறேன்" என்று அவர் கேட்பதன் பின்னால் இருப்பது அதுதான். அந்த ஓடிபி-யைக் கொடுத்த நிமிடம் ஃபால்ட்டின் கடிகாரம் நின்றுவிடும். அடுத்த டிக்கெட் புதிய கடிகாரத்தோடு தொடங்கும்.

கால் சென்டருக்கும் அளவுகோல் உண்டு: 95 சதவீத அழைப்புகளுக்கு 90 நொடிக்குள் ஆள் பேச வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது, நீங்கள் ஆபரேட்டரைக் கேட்டு பட்டனை அமுக்கிய பிறகு. அந்த ஆப்ஷன் எத்தனையாவது மெனுவில் இருக்கிறது என்பதை அந்த 95 சதவீதம் அளப்பதில்லை.

2024 ஆகஸ்ட் 2 அன்று டிராய் புதிய சேவைத் தர விதிமுறைகளை வெளியிட்டது. அக்டோபர் 1 முதல் அவை அமலுக்கு வந்தன. பழைய மூன்று விதிமுறைகளை ஒன்றாக்கி, அபராதத்தை 10 லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்கள். ஒரு மாவட்டம் முழுக்க 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் போனால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைத் தள்ளுபடி, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு தர வேண்டும். வீட்டு இணைப்பின் ஃபால்ட் மூன்று நாளைத் தாண்டினால் ஈடு தர வேண்டும். புது இணைப்பு, பணம் கட்டி 7 வேலை நாளுக்குள் வர வேண்டும். ஆண்டு வருமானம் லட்சம் கோடி ரூபாயைத் தொடும் கம்பெனிகள் உள்ள துறையில் 10 லட்சம் என்பது என்ன தொகை என்பது இருக்கட்டும். அந்த அபராதம் போவது அரசுக்கு. உங்களுக்கு வருவது ஈடு மட்டும்.

அந்த ஈடு புதிதுமில்லை. 2006-ன் பிராட்பேண்ட் விதிகளிலேயே, ஃபால்ட் மூன்று வேலை நாளைத் தாண்டினால் ஏழு நாள் வாடகையைக் கழிக்க வேண்டும் என்று இருந்தது. 700 ரூபாய் திட்டத்துக்கு அது 163 ரூபாய். இத்தனை வருஷத்தில் பில்லில் அப்படி ஒரு கழிவைப் பார்த்தவர்கள் உங்கள் நண்பர்களில் எத்தனை பேர்? மூன்று நாள் என்று எண்ணத் தேவையானது, மூடாமல் திறந்தே இருக்கும் ஒரு டிக்கெட். ஓடிபி-யைக் கொடுத்து மூடிவிட்டால் பதிவேட்டில் உங்கள் ஃபால்ட் ஒரு நாள்தான்.

பிடிக்கவில்லையென்றால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள் என்பார்கள். மொபைலில் நம்பரோடு மாறலாம். அபார்ட்மென்டில்? அசோசியேஷனோ பில்டரோ ஒரே கம்பெனியை மட்டும் உள்ளே விட்டிருந்தால் மாற வழியே இல்லை. கட்டடத்துக்குள் இப்படி ஏகபோக ஒப்பந்தம் கூடாது என்று டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரைத்துவிட்டது. பெங்களூரிலோ ஓ.எம்.ஆரிலோ வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தப் பரிந்துரை எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்று தெரியும்.

உங்கள் பக்கம் ஒரு மீட்டர்

வேகம் குறைந்ததும் முதலில் லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாக ரூட்டரோடு இணைத்து ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். கேபிளில் வேகம் சரியாக வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், பிரச்சினை பெரும்பாலும் பக்கத்து வீட்டு ரூட்டர்களின் நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு மாறினால் பாதி சரியாகும். 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் எப்போது பார்த்தாலும் 94, 95 என்றே வருகிறதா? கம்பெனி கொடுத்த ரூட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பில் மினுக்கினால் ஃபைபர் சிக்னலே வரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து பயனில்லை, கஸ்டமர் கேரிடம் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்.

கேபிளிலும் வேகம் குறைவு, அதுவும் எத்தனை முறை பார்த்தாலும் அதே உருண்டையான எண்ணில், 1, 2, 4 எம்பிபிஎஸ் என்று நிற்கிறதா? அது லிமிட்டின் கைரேகை. ஃபால்ட் என்றால் எண் தாறுமாறாக ஆடும். ராத்திரியில் மட்டும் விழுந்து காலையில் எழுந்துவிட்டால் ஏரியா நெரிசல். மூன்றுக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஆப்பில் அன்று காட்டிய டேட்டா அளவையும் எடுத்து வையுங்கள். சொந்த ரூட்டர் வைத்திருந்தால் பலவற்றில் டிராஃபிக் கணக்கு இருக்கும், அதையும் மாதத் தொடக்கத்தில் ஜீரோ செய்துவிடுங்கள். பெட்ரோல் பங்கில் பார்க்கிற அதே ஜீரோதான்.

புகார் கொடுத்ததும் கேட்டு வாங்க வேண்டியது டாக்கெட் எண். 2012-ன் டிராய் விதிப்படி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். தீர்வு வரவில்லை, அல்லது தீராமலே மூடிவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒவ்வொரு கம்பெனியின் மேல்முறையீட்டு முகவரியும் டிராயின் டி.சி.சி.எம்.எஸ். இணையதளத்தில் இருக்கிறது. டிராய்க்கே நேராக எழுதுபவர்கள் நிறைய பேர். தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் அதன் சட்டத்தில் இல்லை, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பத்தான் முடியும். மேல்முறையீட்டு ஆணையமும் கம்பெனிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதால் அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அடுத்த கட்டத்தில் காட்ட அந்தக் காகிதம் வேண்டும்.

அடுத்த கட்டம் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே மனு போடலாம். தொலைத்தொடர்புப் புகார்களுக்கு இந்தக் கதவு பல வருஷம் பூட்டிக் கிடந்தது. டெலிகிராஃப் சட்டப்படி இவை நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டிக் கம்பெனிகள் தப்பித்துவந்தன. மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் வந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு வோடஃபோன் ஒரு மாதம் 24,609 ரூபாய்க்கு பில் அனுப்பியது. 2014-ல் அவர் நுகர்வோர் மன்றம் போனார். மன்றம் இதை விசாரிக்கலாமா என்ற கேள்வி மட்டும் உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 2022 பிப்ரவரியில் 'விசாரிக்கலாம்' என்று தீர்ப்பானது. பில் சரியா தவறா என்ற விசாரணை அதற்குப் பிறகு.

2023 டிசம்பரில் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டம், ஆன்லைனில் தகராறு தீர்க்கும் அமைப்பு ஒன்றை உருவாக்க வழி செய்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையை அது பாதிக்காது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது டாக்கெட் எண், தேதி போட்ட ஸ்க்ரீன்ஷாட்கள், இன்னும் சொல்லாத அந்த ஓடிபி.